உங்கள் ஊரில் லத்தினோ திரைப்பட விழா: முதல் தடவை நடத்துபவர்களுக்கு

லத்தினோ என்றால் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்களும் அவர்களுடைய வம்சாவளியினரும். சிகாகோ லத்தினோ திரைப்பட விழா 1985-இல் தொடங்கியபோது மொத்தம் 14 படங்கள். திரை கிடையாது, கான்கிரீட் சுவரில் ஓட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் 500 பேர். சான் டியேகோ விழா 1993-இல் மாணவர்கள் எடுத்த படங்களைக் காட்டும் நிகழ்ச்சியாக ஆரம்பித்தது. இவை இரண்டுக்கும் மூத்தது டெக்சஸில் சான் அன்டோனியோ நகரில் நடக்கும் விழா. அது 1976-இலேயே தொடங்கிவிட்டது. இன்று இந்த விழாக்களின் பளபளப்பான கையேட்டைப் பார்த்துவிட்டு ‘நம்மால் ஆகாது’ என்று ஒதுங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஓர் ஊரில், மூன்று நாள், ஏழெட்டுக் காட்சி என்ற கணக்கில் முதல் விழாவை நடத்த நினைப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. நான் லத்தினோ இல்லை. மத்திய மேற்கில் ஓர் ஊர் நூலகத்தில் நடக்கும் இப்படியொரு விழாவில் நாற்காலி போடுவதிலிருந்து சப்டைட்டில் சரிபார்ப்பது வரை கைகொடுத்துவரும் தமிழன். தமிழ்ச் சங்கத்துக்குப் பள்ளி அரங்கம் பிடித்துப் பொங்கல் விழா நடத்தியவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். தெரியாத பாதியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் படப் பட்டியலோடு வருவார்கள். கேன்ஸில் பரிசு வாங்கியது, ஆஸ்கருக்குப் போனது என்று பத்துப் படம் எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஊரில் இருப்பவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தினோக்கள் 6.21 கோடிப் பேர். ஆனால் அது ஒரே கூட்டம் இல்லை. நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் என்றால் டொமினிகன்கள். நியூஜெர்சியின் பாட்டர்சனில் பெரு நாட்டவர். வாஷிங்டன் டிசியைச் சுற்றி எல் சால்வடோர்காரர்கள். சிகாகோ நகருக்குள்ளேயே லிட்டில் வில்லேஜ் மெக்சிகோக்காரர்களுடையது, ஹம்போல்ட் பார்க் போர்ட்டோ ரிக்கோக்காரர்களுடையது. உங்கள் ஊர்க் கணக்கு வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் ‘B03001’ என்ற அட்டவணையைத் தேடுங்கள். கவுண்டி வாரியாக, ஊர் வாரியாக, எந்த நாட்டு வம்சாவளியினர் எத்தனை பேர் என்று தோராயக் கணக்கு கிடைக்கும்.

அதற்கு மேல் அட்டவணை உதவாது, நடக்க வேண்டும். டாக்கோ கடையில், பானதேரியா எனப்படும் ரொட்டிக் கடையில், முடிதிருத்தும் கடையில் பேச்சுக் கொடுங்கள். மெக்சிகோ என்று பொதுவாகச் சொல்பவர், இன்னொரு கேள்வி கேட்டால் மிச்சோவகான் மாநிலம் என்பார், புவெப்லா மாநிலம் என்பார். ஒரே கிராமத்துக்காரர்கள் ஒரே அமெரிக்க ஊரில் வந்து சேர்வது சகஜம். குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்களில் பலருக்கு வீட்டு மொழி ஸ்பானியம் இல்லை. கிச்சே, மாம் போன்ற மாயா மொழிகள். கலிபோர்னியாவின் பண்ணைப் பகுதிகளில் மெக்சிகோவின் ஒவஹாக்கா மாநிலத்து மிக்ஸ்தெக் மொழி பேசுபவர்கள் நிறைய. எந்தப் படம் போட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த விவரம்தான்.

குழுவும் இங்கிருந்துதான் வரவேண்டும். ஐந்து முதல் ஏழு பேர் போதும். ஸ்பானியத் திருப்பலி நடக்கும் தேவாலயத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஓர் அம்மா, உயர்நிலைப் பள்ளி ஸ்பானிய ஆசிரியர், கல்லூரியில் படம் எடுக்கும் ஒரு பிள்ளை, கடை வைத்திருப்பவர் ஒருவர், நூலகர் ஒருவர் என்று அமைந்தால் நல்லது. படத்தேர்வு அவர்கள் கையில் இருக்கட்டும். நம்மைப் போன்று வெளியிலிருந்து வருபவர்கள் கணக்கு, கடிதப் போக்குவரத்து, புரொஜெக்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்வது பொருத்தம். ‘உங்கள் பண்பாட்டை உங்களுக்குக் காட்டுகிறோம்’ என்ற தொனியில் வரும் விழாவை யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள்.

பிரேசில் படம் சேருமா, ஸ்பெயின் படம் சேருமா என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்பார். பிரேசில் கட்டாயம் சேரும். ஸ்பெயினைப் பற்றிக் குழு முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் அதில் செலவழிக்க வேண்டாம்.

தேதி

செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வழி வந்தவர்கள்) பாரம்பரிய மாதம். குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹொண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் செப்டம்பர் 15 சுதந்திர தினம், மறுநாள் மெக்சிகோவுக்கு. ஸ்பான்சர் கிடைப்பது அப்போது சுலபம். ஆனால் ஊரில் ஒவ்வொரு பள்ளியும் வங்கியும் அந்த மாதத்தில்தான் ஏதாவது நடத்தும். உங்கள் குழுவில் உள்ளவர்களை எல்லா மேடைக்கும் இழுப்பார்கள். என் ஓட்டு மார்ச், ஏப்ரலுக்கு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மே 10-ஐத் தொடாதீர்கள். அமெரிக்க அன்னையர் தினம் மே இரண்டாம் ஞாயிறு என்றாலும் மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர் குடும்பங்களுக்கு எந்தக் கிழமை வந்தாலும் மே 10-தான். அப்புறம் கால்பந்து. மெக்சிகோ லீகின் நாக்-அவுட் சுற்று மே மாதத்திலும் ஆண்டுக் கடைசியிலும் வரும். இறுதிப் போட்டி நடக்கும் மாலையில் படம் போட்டால் அரங்கத்தில் நீங்களும் புரொஜெக்டரும்தான் இருப்பீர்கள்.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். உணவகத்தில், ஹோட்டலில் வேலை செய்பவர்களுக்கு வெள்ளி, சனி இரவுதான் உச்சகட்ட வேலை. திரைப்பட விழா என்றாலே சனி இரவு முக்கியக் காட்சி என்ற பழக்கம் அவர்களை வெளியே நிறுத்திவிடும். ஞாயிறு மதியம் இரண்டு மணி, திருப்பலியும் சாப்பாடும் முடிந்த நேரம், குடும்பத்தோடு வருவார்கள். பல உணவகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பதால் திங்கள் இரவும் எதிர்பாராத அளவுக்கு நிரம்பும்.

திரையிடும் உரிமை

இதில் சறுக்குபவர்கள்தான் அதிகம். ‘டிக்கெட் இலவசம்தானே, டிவிடி வாங்கிப் போட்டால் என்ன?’ என்று கேட்பார்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, குடும்பமும் நெருங்கிய பழக்கமும் தாண்டிய கூட்டத்துக்குக் காட்டினாலே அது பொதுத் திரையிடல். காசு வாங்கினீர்களா என்பது பொருட்டில்லை. வீட்டு நெட்பிளிக்ஸ் கணக்கைப் புரொஜெக்டரில் இணைப்பதும் இதில் அடங்கும். வழக்கு என்று வந்தால் ஒரு படத்துக்கு 30,000 டாலர் வரையும், தெரிந்தே செய்தது என்றால் 1,50,000 டாலர் வரையும் நீதிமன்றம் நட்டஈடு விதிக்கலாம். வகுப்பறையில் ஆசிரியர் பாடத்துக்காகக் காட்டுவதற்கு விலக்கு உண்டு. பல்கலைக்கழக அரங்கத்தில் ஊராரை அழைத்துக் காட்டுவதற்கு அந்த விலக்கு கிடையாது.

நூலகத்தில் நடத்தினால், ‘எங்களிடம் ஆண்டு உரிமம் இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்பார்கள். அந்த உரிமத்தில் எந்தெந்த நிறுவனங்களின் படங்கள் அடங்கும் என்று பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் இருக்கும். உங்களுக்குத் தேவையான சின்னக் கொலம்பியப் படம் பெரும்பாலும் இருக்காது. மேலும், அந்த மாதிரி உரிமங்கள் பலவற்றில் படத்தின் பெயரை நூலகத்துக்கு வெளியே விளம்பரம் செய்யக் கூடாது என்று நிபந்தனை உண்டு. பெயர் சொல்லாமல் விழாவை எப்படி விளம்பரப்படுத்துவது?

உரிமை கேட்கும் வரிசை இது. முதலில் அந்தப் படத்துக்கு அமெரிக்க விநியோகஸ்தர் இருக்கிறாரா என்று பாருங்கள். கினோ லோர்பர், ஐகரஸ் பிலிம்ஸ், விமன் மேக் மூவிஸ் போன்றவர்களிடம் லத்தீன் அமெரிக்கப் படங்கள் உண்டு. நியூயார்க்கில் 2001 முதல் இயங்கும் சினிமா டிராப்பிகல் முழுக்க இந்தப் பகுதிப் படங்களுக்கானது. பிராக்டா என்ற விநியோக நிறுவனம் கல்லூரிகளுக்கென்றே ஸ்பானிய மொழிப் படத் தொகுப்புகளை உரிமையோடு தருகிறது, அதற்கு மானியமும் வைத்திருக்கிறது. உள்ளூர்க் கல்லூரியைக் கூட்டுச் சேர்த்தால் இந்த வழி திறக்கும். பெரிய ஸ்டூடியோ படம் என்றால் ஸ்வாங்க் என்ற உரிம நிறுவனம். விநியோகஸ்தரே இல்லாத படம் என்றால் தயாரிப்பாளருக்கோ இயக்குநருக்கோ நேராக எழுதுங்கள். குறும்பட இயக்குநர்கள் பலர் உடனே பதில் போடுவார்கள்.

கடிதத்தை ஸ்பானியத்திலோ போர்ச்சுகீசியத்திலோ குழுவில் உள்ள ஒருவர் எழுதட்டும். ஊர், அரங்கம், தேதி, எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, டிக்கெட் விலை, நீங்கள் தரக்கூடிய தொகை ஆகிய ஏழும் முதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும். ‘உங்கள் கட்டணம் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டால் பெரிய விழாவுக்கான தொகையைச் சொல்லிவிடுவார்கள். 120 இருக்கை, ஒரே காட்சி, நுழைவு இலவசம் என்று சொன்னால் முழுநீளப் படத்துக்குச் சில நூறு டாலருக்குள் பல நேரம் முடிந்துவிடும். ஒப்புதல் எழுத்தில் வரும்வரை சுவரொட்டி அடிக்காதீர்கள்.

பழைய படம் என்பதால் உரிமை காலாவதியாகியிருக்கும் என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவில் காலாவதியாகியிருந்த பல வெளிநாட்டுப் படங்களின் பதிப்புரிமை, 1996 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த ஒரு சட்டத்தால் மீண்டும் உயிர்பெற்றது. 1940-களின் மெக்சிகோ படங்களும் அதில் மாட்டும்.

அந்தப் பழைய மெக்சிகோ படங்களைக் கேட்டுப் பெறுவது வீண்போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காந்தின்ஃப்ளாஸ், பெத்ரோ இன்ஃபாந்தே, மரியா ஃபெலிக்ஸ் போன்ற நட்சத்திரங்களின் காலத்துப் படம் ஒன்று போட்டால் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவார்கள், நம்மூரில் எம்ஜிஆர் படம் மறுவெளியீட்டுக்கு வருகிற கூட்டம் மாதிரி. பாட்டுக்குக் கூடவே பாடுவார்கள். யாரும் ‘உஷ்’ என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படங்கள்

ஏழு காட்சி என்றால் என் கணக்கு இப்படிப் போகும்: குடும்பத்தோடு பார்க்கும் படம் ஒன்று, வயிறு குலுங்கச் சிரிக்கும் படம் ஒன்று, பழைய படம் ஒன்று, ஆவணப்படம் ஒன்று, விழாக்களில் பேசப்பட்ட புதிய படம் ஒன்று, பழங்குடி மொழிப் படம் ஒன்று, உள்ளூர் மாணவர்களின் குறும்படத் தொகுப்பு ஒன்று. நகைச்சுவையை விட்டுவிடுவதுதான் அறிவுஜீவிக் குழுக்களின் வழக்கம். வாரம் அறுபது மணி நேரம் வேலை பார்த்தவர் ஞாயிற்றுக்கிழமை போதைக் கடத்தலும் எல்லையில் சாவும் பார்க்க ஏன் வரவேண்டும்? அந்தப் படங்களும் வேண்டும்தான். ஏழில் ஐந்து அதுவாக இருக்க வேண்டாம்.

பழங்குடி மொழிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், குவாத்தமாலாவின் ஹைரோ புஸ்தமாந்தே இயக்கிய ‘இஷ்கனுல்’ படம் 2015-இல் பெர்லின் விழாவில் பரிசு வாங்கியது. அதில் பேச்சு பெரும்பாலும் கச்சிக்கெல் என்ற மாயா மொழி. ஊரில் மாயா மொழி பேசும் குடும்பங்கள் இருந்தால், திரையில் அந்தக் குடும்பத்து மொழி கேட்பது அவர்களுக்கு அமெரிக்காவில் அநேகமாக முதல் தடவையாக இருக்கும்.

மாணவர் தொகுப்பு அரங்கத்தை நிரப்பும் காட்சி. பத்துக் குறும்படம் என்றால் பத்துக் குடும்பம், சித்தி பெரியம்மா எல்லாம் சேர்த்து. திறந்த விண்ணப்பம் வைக்க ஃபிலிம்ஃப்ரீவே தளம் போதும். ஆனால் உலகம் முழுவதுக்கும் கதவைத் திறந்தால் லத்தீன் அமெரிக்காவுக்குத் தொடர்பே இல்லாத படங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். முதல் வருடம் உங்கள் மாநிலத்துக்கு மட்டும் என்று வரம்பு வையுங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேராவது பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும்.

சப்டைட்டில்

இந்த விழாவின் முதுகெலும்பு இதுதான் என்பேன். அரங்கத்தில் உட்காரும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டிக்கு ஸ்பானியம் காதால் புரியும், ஆங்கிலம் தெரியாது, வேகமாக ஓடும் எழுத்தைப் படிக்கக் கண்ணும் ஒத்துழைக்காது. அம்மாவுக்கு இரண்டும் சமாளிப்பாக. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஸ்பானியம் அரைகுறை, ஆங்கிலம்தான் ஓடும். பக்கத்து இருக்கையில் என்னைப் போல் ஸ்பானியமே தெரியாத ஓர் ஆள்.

ஸ்பானியப் பேச்சு, ஆங்கில சப்டைட்டில் என்றால் நால்வருக்கும் படம் போய்ச் சேரும். கவலையே இல்லை. போர்ச்சுகீசியம் பேசும் பிரேசில் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு போட்டால் பாட்டி வெளியே. அமெரிக்காவில் பிறந்த லத்தினோ இயக்குநர்கள் ஆங்கிலத்தில் எடுக்கும் படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் போட்டாலும் பாட்டி வெளியே, அம்மாவும் பாதி வெளியே. மாயா மொழிப் படம் என்றால் இரண்டு மொழியிலும் எழுத்து வேண்டும். ஆகவே நிகழ்ச்சி அட்டவணையில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே இரண்டு கட்டம் போடுங்கள்: பேச்சு மொழி, எழுத்து மொழி. கையேட்டிலும் சுவரொட்டியிலும் அதை அச்சிடுங்கள். ‘ஸ்பானிய சப்டைட்டிலுடன்’ என்ற ஒரு வரிக்காகவே வருபவர்கள் உண்டு.

ஸ்பானிய சப்டைட்டில் கோப்பு இருக்கிறதா என்று உரிமை பேசும்போதே கேளுங்கள். பல படங்களுக்குத் தயாராக இருக்கும், கேட்காததால் அனுப்பியிருக்க மாட்டார்கள். இல்லையென்றால் நீங்களே செய்யலாம், உரிமையாளரின் சம்மதத்தோடு. ஆனால் ஒன்றரை மணி நேரப் படத்தில் ஆயிரம் வரிக்கு மேல் வரும். ஒரு தடவையில் இரண்டு வரி, ஒரு வரியில் சுமார் 42 எழுத்து என்பது பொதுவான அளவு. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போடாதீர்கள். மெக்சிகோ வசவு அர்ஜென்டினா வசவாக மாறி அரங்கமே தவறான இடத்தில் சிரிக்கும். மேம்பட்ட ஸ்பானிய வகுப்பு மாணவர்களுக்கு இது நல்ல பருவத் திட்டம். ஆசிரியர் திருத்தித் தருவார்.

கோப்பைத் திறந்ததும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்பானிய எழுத்துகளின் மேல் வரும் சாய்கோடும் வளைவும், கேள்விக்கு முன்னால் வரும் தலைகீழ்க் கேள்விக்குறியும் கோணல்மாணலான குறிகளாகத் தெரிந்தால் கோப்பு தவறான குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகள் சரியாகத் தெரியும் குறியாக்கத்தில் திறந்து, பிறகு யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் போகாவிட்டால் மூலக் கோப்பையே திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

அரங்கமும் கருவியும்

நூலக அரங்கம், சமுதாயக் கல்லூரி, பழைய ஒற்றைத் திரை தியேட்டர் என்று மூன்று வாய்ப்பு இருக்கும். தியேட்டரில் படம் அழகாகத் தெரியும், ஆனால் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இருக்காது. இந்த விழாவில் தமாலேயும் (சோள மாவை இலையில் பொதிந்து அவித்தது) இனிப்பு ரொட்டியும் இல்லாமல் முடியாது என்பதால் நான் நூலகப் பக்கம். சாப்பாடு விற்பதாக இருந்தால் கவுண்டி சுகாதாரத் துறையின் தற்காலிக உரிமம் எடுக்க வேண்டும்; வீட்டில் சமைத்ததை விற்க முடியுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்த அரங்கமானாலும் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள்.

தியேட்டரில் ஓட்ட டிசிபி, அதாவது தியேட்டர் புரொஜெக்டருக்கான டிஜிட்டல் படத் தொகுப்பு, வேண்டும். அது பெரும்பாலும் வன்தட்டில் வரும். லினக்ஸ் முறையில் வடிவமைக்கப்பட்டது என்பதால் உங்கள் மடிக்கணினியில் செருகினால் ஒன்றும் தெரியாது. ‘வடிவமைக்கவா (ஃபார்மேட்)?’ என்று விண்டோஸ் கேட்கும். ஆமாம் என்று அழுத்திவிடாதீர்கள், படம் போய்விடும். படம் பூட்டப்பட்டிருந்தால் கேடிஎம் என்ற திறவுகோல் கோப்பு தனியாக மின்னஞ்சலில் வரும். அது ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நாள், மணிக்குள் மட்டும் வேலை செய்யும். சர்வரின் எண்ணை தியேட்டர்காரரிடம் கேட்டு முன்கூட்டியே அனுப்புங்கள். திறவுகோல் ஒத்திகைக்கும் செல்லும்படி இரண்டு நாள் முன்னதாகவே தொடங்கச் சொல்லுங்கள்.

நூலகத்தில் என்றால் எம்பி4 கோப்பும் நல்ல ஸ்பீக்கரும் போதும். நூலக ஸ்பீக்கர்கள் கூட்டத்தில் பேசுவதற்கானவை, இசைக்கு ஆகாது, வாடகைக்கு எடுங்கள். விழாவுக்கு முந்தைய நாள் எல்லாப் படத்தையும் ஒத்திகை பாருங்கள். முழுதாக வேண்டாம்: முதல் ஐந்து நிமிடம், நடுவில் பேச்சு வரும் இடம், கடைசி இரண்டு நிமிடம். அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில் சப்டைட்டில் உதட்டோடு பொருந்துகிறதா பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், கோப்பின் நொடிக்கான சட்டக வேகமும் படத்தின் வேகமும் ஒன்றல்ல என்று அர்த்தம். ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் உயரமான ஆள் இருந்தால் எழுத்து தெரியுமா என்று சொல்லட்டும். தட்டையான தரையுள்ள அரங்கத்தில் திரையை ஓரடி உயர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பணம்

படக் கட்டணம் இரண்டாயிரம் டாலர், ஒலி வாடகையும் காப்பீடும் ஆயிரம், அச்சு ஐநூறு, மொழிபெயர்ப்பாளருக்கும் விருந்தினருக்கும் ஆயிரம், எதிர்பாராதது ஐநூறு. அரங்கம் இலவசமாகக் கிடைத்தால் ஐந்தாயிரம் டாலருக்குள் முதல் விழாவை முடிக்கலாம் என்பது என் தோராயம். ஊருக்கு ஊர் மாறும்.

தனியாக அமைப்பு பதிவு செய்ய முதல் வருடம் அவசியமில்லை. வரிவிலக்குப் பெற்ற ஒரு உள்ளூர் அமைப்பு உங்கள் நன்கொடைகளைத் தன் கணக்கில் வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு ஐந்து முதல் பத்து சதவீதம் வரை எடுத்துக்கொள்வது வழக்கம். கலை, இலக்கியம், வரலாறு போன்ற துறைகளுக்கான மத்திய அரசு மானியங்கள் 2025-இல் ஏராளமாகப் பாதியிலேயே ரத்து செய்யப்பட்டன. அதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். பணம் அனுப்பும் கடை, மளிகைக் கடை, ஸ்பானியம் பேசும் பல் மருத்துவர், கடன் சங்கம் என்று இருநூறு, ஐநூறாகத் திரட்டுவது உறுதியான வழி. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: படத்துக்கு முன்னால் திரையில் பத்து நொடி.

ஆளைக் கூட்டுவது

இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கினால் உங்கள் நண்பர்கள் வருவார்கள். நீங்கள் வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். செல்பேசியில் பெரிதாக்காமலே படிக்கக்கூடிய ஒரே ஒரு படச் சுவரொட்டி, ஸ்பானியம் மேலே, ஆங்கிலம் கீழே. அதைக் குழுவில் உள்ளவர்கள் தங்கள் குடும்பக் குழுக்களில் போட வேண்டும். காகிதச் சுவரொட்டிக்குத் துணி துவைக்கும் கடை அருமையான இடம். இயந்திரம் ஓடி முடியும்வரை சுவரைப் பார்ப்பதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை. ஞாயிறு திருப்பலி முடிவில் பாதிரியார் சொல்லும் ஒரு வாக்கியமும், ஸ்பானிய வானொலியின் காலை நிகழ்ச்சியில் கிடைக்கும் ஐந்து நிமிடமும் மற்ற எல்லா விளம்பரத்தையும் விட அதிகம் இழுக்கும். மெக்சிகோவின் துணைத் தூதரகங்கள் அமெரிக்காவில் ஐம்பதுக்கு மேல் உள்ளன. அவர்கள் ஆவண வேலைக்காக ஊர் ஊராக வந்து நடத்தும் முகாம்களில் துண்டுச்சீட்டு வைக்கச் சம்மதம் கேளுங்கள்.

பயத்தைக் கணக்கில் எடுங்கள்

பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்றத் துறை நடவடிக்கையைக் கட்டுப்படுத்திவந்த வழிகாட்டுதலை மத்திய அரசு 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ‘கூட்டமாகக் கூடலாமா?’ என்ற கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. ஆவணமெல்லாம் சரியாக உள்ளவர்களும், வீட்டில் ஒருவருக்குச் சரியில்லை என்றால் வெளியே வர யோசிப்பார்கள். இதை விழாக்குழு பேசாமல் விடக் கூடாது.

செய்யக்கூடியவை சில. டிக்கெட்டுக்குப் பெயரும் முகவரியும் கேட்காதீர்கள், எண்ணிட்ட சீட்டு போதும். நுழைவில் கையெழுத்துப் பதிவேடு வைக்காதீர்கள். படம் எடுப்பவர் கூட்டத்தை எடுக்க வேண்டாம், மேடையை மட்டும் எடுக்கட்டும். தன்னைப் படம் எடுக்க வேண்டாம் என்பவருக்கு ஒரு நிற ஸ்டிக்கர் கொடுங்கள். அரங்கத்தில் பொதுமக்களுக்கான பகுதி எது, அனுமதி பெற்றவர் மட்டும் நுழையும் பகுதி எது என்று முன்பே வரையறுத்து, அதிகாரிகள் வந்தால் யார் பேசுவது என்று ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டுத் தொண்டர்களுக்குச் சொல்லிவையுங்கள். உரிமையாளர் ஒத்துக்கொண்டால் ஒன்றிரண்டு படத்தை வீட்டிலிருந்தே பார்க்க இணைப்புக் கொடுக்கலாம்.

விழா நாட்கள்

அறிமுகப் பேச்சு இரண்டு நிமிடம், அதில் ஸ்பானியம் முதலில். நகராட்சித் தலைவர் வந்தாலும் அதே இரண்டு நிமிடம்.

இயக்குநரை நேரில் அழைக்க ஆசைப்படுவீர்கள். லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளிலிருந்து வருபவருக்கு விசா வேண்டும், நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். முதல் வருடத்துக்குக் காணொளி உரையாடல் போதும். நேர வித்தியாசத்தை மட்டும் தேதி போட்டுச் சரிபாருங்கள். மெக்சிகோ 2022-இல் கோடைக்கால நேர மாற்றத்தைப் பெரும்பாலான பகுதிகளில் கைவிட்டுவிட்டது. ஆகவே ஏப்ரலில் சிகாகோவில் இரவு 7 மணி என்றால் மெக்சிகோ நகரத்தில் 6, புவெனஸ் அய்ரஸில் 9. ஜனவரியில் பேசி வைத்த ‘அதே நேரம்’ ஏப்ரலில் அதே நேரமாக இருக்காது.

கேள்வி பதில் பகுதிக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் காசு கொடுத்து வையுங்கள். இரண்டு மொழியும் தெரிந்த தொண்டர், உணர்ச்சிவசப்பட்ட இயக்குநர் நான்கு நிமிடம் பேசியதை ‘அவர் நன்றி சொல்கிறார்’ என்று சுருக்கிவிடுவார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தும்படி விருந்தினரிடம் முன்பே சொல்லுங்கள். முதல் கேள்வியை ஸ்பானியத்தில் கேட்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். முதல் கேள்வி ஆங்கிலத்தில் வந்துவிட்டால் மீதியும் ஆங்கிலத்திலேயே போய்விடும். பாட்டிகளும் அம்மாக்களும் வாய் திறக்க மாட்டார்கள்.

குழந்தைகள் சத்தம் போடுவார்கள். பக்கத்து அறையில் க்ரேயானும் காகிதமும் வைத்து இரண்டு பேரை உட்கார வைத்தால் பெற்றோர் நிம்மதியாகப் படம் பார்ப்பார்கள்.

முடிந்த பிறகு

வன்தட்டுகளை அடுத்த வேலை நாளே கூரியரில் அனுப்பி, பதிவெண்ணை உரிமையாளருக்குத் தெரிவியுங்கள். இன்னொரு விழா அதற்காகக் காத்திருக்கும். படக் கட்டணத்தைச் சொன்ன தேதிக்குள் கட்டுங்கள். அது உங்கள் ஊருக்கு அடுத்த வருடம் கிடைக்கப்போகும் விலையைத் தீர்மானிக்கும். எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள் என்று இயக்குநருக்கு நான்கு வரி எழுதுங்கள். சின்ன விழாக்களிலிருந்து அப்படி எழுதுபவர்கள் குறைவு, நினைவில் வைத்திருப்பார்கள். வாசலில் வாங்கிய கருத்துச் சீட்டுகளைக் குழு ஒன்றாக உட்கார்ந்து படிக்கட்டும். ‘அடுத்து எந்த நாட்டுப் படம் வேண்டும்?’ என்ற ஒரு கேள்வி அதில் இருந்தால் போதும்.

அரங்கச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்த வருடத் தேதியையும் எழுதி வாங்கிவிடுங்கள். ஏப்ரல், மே மாதச் சனி ஞாயிறுகளை நடனப் பள்ளிகள் ஓராண்டுக்கு முன்பே பிடித்துவிடும். நம்முடைய அரங்கேற்றக்காரர்களும் அதில் சேர்த்தி.